முள் மீட்டர் காட்டிய 1.3

கடைத்தெருவில் ஸ்க்ரூ அக்கா என்றால்தான் அவளைத் தெரியும். பதினெட்டு வருஷமாகத் தையல் மெஷின் ரிப்பேர். எதையும் திறந்து பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. இப்போது வரும் மெஷின்களுக்குள் சர்க்யூட் போர்டு உட்கார்ந்திருக்கிறது. அதையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று நாற்பத்திரண்டு வயதில் மாலை நேர எலக்ட்ரானிக்ஸ் வகுப்பில் சேர்ந்தாள்.

கைவேலையில் அவளை மிஞ்ச ஆளில்லை. செய்து பார்த்ததை ரிப்போர்ட்டாக எழுதுவதில்தான் வண்டி படுத்துவிட்டது. ஒன்பது வோல்ட் பேட்டரி, அதோடு வரிசையாக ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர் இரண்டு. நடுவில் எத்தனை வோல்ட்? கணக்குப்படி நாலரை. இவள் 1.3 என்று எழுதியிருந்தாள். ரிப்போர்ட் இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாவது முறையும் வந்தால் பரீட்சை எழுத முடியாது.

"இதப் படிச்சு வேற ஒருத்தர் செஞ்சாலும் இதே ரீடிங் வரணும்க்கா," என்றார் வகுப்பு எடுக்கும் மேடம்.

"எனக்கு அப்படித்தான் மேடம் வந்துச்சு. வராததை எப்படி எழுதுறது?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் டிரைவரான கணவரைச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்தாள்.

"நான் வாயத் திறக்க மாட்டேன். எழுதியிருக்கிறதப் பாத்து நீங்களே செய்யுங்க."

"கல்யாணமாகி இப்பத்தான் இதக் கேக்குறேன்," என்றபடி அவர் ரிப்போர்ட்டைப் பிரித்தார். 'மீட்டரால் அளக்கவும்' என்ற வரிக்கு வந்ததும் பாலிடெக்னிக்கில் படிக்கும் மகளின் டிஜிட்டல் மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தார். "4.3 காட்டுது."

அவள் தன் கடைப்பெட்டியிலிருந்த பழைய முள் மீட்டரை வைத்தாள். 1.3. மறுபடி டிஜிட்டல், மறுபடி முள். இரண்டும் தத்தம் பேச்சிலேயே நின்றன. அவளுக்குக் கோபம் வரவில்லை, குஷிதான் வந்தது. பாடப்புத்தகத்தைக் குடைந்ததில் விஷயம் பிடிபட்டது. முள் அசையக் கொஞ்சம் கரண்ட் வேண்டும். அதை அது அளக்கிற இடத்திலிருந்தே உறிஞ்சிக்கொள்கிறது. அவ்வளவு பெரிய தடை போடும் ரெசிஸ்டர் இருக்கும் இடத்தில் அந்தக் கொஞ்சமே வோல்ட்டை இறக்கிவிடும். டிஜிட்டலும் உறிஞ்சும், ஆனால் துளிதான்.

பதினெட்டு வருஷமாக மீட்டர் என்றால் அவளுக்கு அந்த ஒரு மீட்டர்தான். அது எந்த மீட்டர் என்று எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை. புது ரிப்போர்ட்டில் இரண்டு மீட்டர்களையும், அவற்றின் ரேஞ்சையும், இரண்டு ரீடிங்கையும், காரணத்தையும் எழுதினாள்.

மேடம் அதைப் படித்தார். அந்த முள் மீட்டரை வாங்கி, எழுதியிருந்தபடியே ஒவ்வொன்றாகச் செய்தார். முள் 1.3இல் போய் நின்றது.

அடுத்து வகுப்பின் டிஜிட்டல் மீட்டர். 4.3.

"பரீட்சைக்குப் படிங்க அக்கா," என்ற மேடம், ஏற்கெனவே பாஸ் போட்டுவிட்ட மற்ற இருபத்தொரு ரிப்போர்ட்டுகளையும் இழுத்துப் புரட்டினார். எல்லாவற்றிலும் அச்சடித்ததுபோல, எந்த மீட்டரும் காட்டாத அந்தக் கணக்குப்படி நாலரை. சிவப்புப் பேனாவை மறுபடி திறந்தார்.