இடுப்பளவுத் தண்ணீர்

எழுபதுகளின் கடைசியில் திருச்சியில் புவியியல் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். ஊருக்குள் புகுந்த வெள்ளம் வடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. எந்தத் தெருவில் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்று வரைபடம் போடுவதுதான் என் ஆய்வு. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து, தில்லை நகரில் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போனேன்.

ஒரு வீட்டில் ரயில்வே ஊழியர் ஒருவர் கதவைத் திறந்தார். நான் கேட்டு முடிப்பதற்குள் கழுத்தில் கைவைத்துக் காட்டினார்.

"இதுவரைக்கும்மா. ஆள் நிக்க முடியல."

அவர் மனைவி பக்கத்தில் நின்றிருந்தார். நான் தெருவில் இறங்கியதும் பின்னாலேயே வந்தார்.

"இடுப்பளவுதாங்க இருந்துச்சு. எங்களை எதிர்வீட்டு மாடியில ஏத்திவிட்டுட்டு, படுக்கையில கிடந்த அவங்க அப்பாவைத் தூக்கிட்டு வரேன்னு போனாரு. பாதித் தெருவுல பயந்து திரும்பிட்டாரு. அவர் சொன்னதையே எழுதிக்குங்க."

பக்கத்து வீட்டுச் சுவரில் சேற்றுக்கோடு அழியாமல் இருந்தது. டேப் வைத்து அளந்தேன். இடுப்புக்குத்தான் வந்தது.

ஆய்வுக்கு வழிகாட்டிய பேராசிரியையிடம் சொன்னேன்.

"கழுத்தளவுன்னு போட்டா, அடுத்த தடவை யாரையும் காப்பாத்த ஒருத்தரும் இறங்க மாட்டாங்கம்மா."

அவர் சொன்னது சரி. தெரு முழுவதற்கும் இடுப்பளவைக் குறிக்கும் இளநீலம் தீட்டினேன். தூரிகை அந்த வீட்டுக்கு வந்தபோது, உள்ளே இன்னும் ஒருவர் படுத்திருப்பதாகவே தோன்றியது.

துறையில் வரைபடங்களைப் பார்வைக்கு வைத்த அன்று அந்த ரயில்வே ஊழியர் தனியாக வந்தார். தன் தெருவைத் தேடி விரல் வைத்தார். எந்த நிறம் எந்த உயரம் என்று ஓரத்தில் எழுதியிருந்ததைப் படித்தார்.

"இடுப்பளவாம்மா?"

"ஆமாங்க சார்."

சண்டை போடுவார் என்று நினைத்தேன். விரலை எடுக்காமலே மெதுவாகச் சொன்னார்:

"அப்பா கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரும்மா. மாடியில எல்லாருக்கும் கேட்டுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு கேக்கல."

அவரோடு பஸ் நிறுத்தம்வரை நடந்தேன். பஸ் வந்து நின்றது. அவர் ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை. விட்டுவிட்டுப் போக மனம் வராமல் நானும் நின்றேன்.

"நீங்க கிளம்புங்கம்மா. நான் நடந்தே போயிக்கிறேன்."

சாலையைக் கடந்து கூட்டத்தில் அவர் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.