அக்கா மகன் குடித்த தண்ணீர்

வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்த வாரம் அக்கா மகனுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. அவன் இன்னும் தவழத் தொடங்கவில்லை. வளைகாப்பு முடிந்த கையோடு துபாய்க்கு விமானம் ஏறிய மச்சான் மகனைக் கண்ணால் பார்த்ததில்லை. பிரசவத்துக்கு வந்த அக்கா, திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே இருந்த எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தாள்.

முதல் நாள் முழுக்க ஓயாமல் போயிற்று. பால் கொடுத்தால் கொடுத்த கையோடு போகிறது என்று அக்கா பயந்தாள். அப்பா முடிவு சொன்னார். காலமெல்லாம் அடுத்தவர் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர் அவர்.

“உள்ள போனாத்தானம்மா வெளிய வரும். வரப்பு ஒடஞ்சா மொதல்ல மடைய அடைக்கணும். பால நிறுத்து, தண்ணியும் வேண்டாம். வயிறு காயட்டும்.”

எங்கள் பக்கத்தில் இதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய்க் கல்லூரி வரை வந்திருந்த எனக்கும் அது சரியாகவே பட்டது.

மறுநாள் காலையில் போவது குறைந்தது. “பாத்தியா?” என்றார் அப்பா. ஆனால் பையன் அழுதபோது கண்ணீர் வரவில்லை. கண்கள் குழிக்குள் போயிருந்தன. உச்சிக்குழி உள்வாங்கியிருந்தது. கட்டியிருந்த துணி காய்ந்தே கிடந்தது. அக்கா அப்பாவைக் கேட்கவில்லை. “தம்பி, நர்சம்மாவக் கூட்டியா” என்றாள் என்னிடம்.

துணை சுகாதார நிலையத்து நர்சம்மா என் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தார். பையனின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டார். மடிப்பு மெதுவாகத்தான் இறங்கியது.

“யாரு பால நிறுத்தச் சொன்னது?”

“மடைய அடைச்சா…” என்று அப்பா இழுத்தார்.

“பெரியவரே, நாத்தங்கால்ல தண்ணி கசியுதுன்னு பாய்ச்சாம விட்டுருவீங்களா?”

“கருகிரும்ல.”

“இவனுந்தான் கருகுறான். போறதுக்கு மேல உள்ள போவணும்.”

பையிலிருந்து உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலம் ஒன்றை எடுத்தார். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஒரு லிட்டர் வேண்டும் என்றார்.

“ஒரு லிட்டர்னா நம்ம படியில எவ்ளோங்க?” என்றார் அப்பா.

“படிய நெல்லுக்கு வச்சுக்கங்க.”

மச்சான் யாரிடமோ கொடுத்தனுப்பிய பிளாஸ்டிக் பாட்டிலில் லிட்டர் கோடு இருந்தது. அதில் கரைத்தோம்.

“கரண்டி கரண்டியா ஊத்தும்மா. வாந்தி எடுத்தா செத்த நேரம் விட்டுட்டு மறுபடி ஊத்து. பாலும் குடு. குடிக்க மாட்டேன்னாலோ, சொணங்கிப் போனாலோ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடிரணும், யோசிக்கக் கூடாது.”

முதல் கரண்டி கடைவாயில் வழிந்தது. இரண்டாவதுக்கு நாக்கு வெளியே வந்து தேடியது. தொண்டை ஏறி இறங்கிய சின்ன அசைவை நாங்கள் மூவரும் பார்த்தோம். நர்சம்மா கிளம்புவதற்குள் கரண்டியைத் தன் கையாலேயே பிடித்து இழுத்தான். அப்பா குந்தி உட்கார்ந்திருந்தார். “மண்ணு மாதிரியே குடிக்கிறான்” என்றார், தனக்குள் சொல்வதுபோல.

உப்பு, சர்க்கரை, தண்ணீர். மூன்றும் எங்கள் வீட்டு அடுப்படியில் எப்போதும் இருந்தவை. அவை ஒரு முகத்தை உள்ளேயிருந்து மெல்ல வரைவதை அன்று பகல் முழுக்கப் பார்த்தேன். முதலில் உதடு ஈரமாயிற்று. பிறகு கண் மேலே வந்தது. மதியத்துக்கு மேல் அவனுக்குக் கோபம் வந்தது. கரண்டி வரத் தாமதமானால் கத்தினான். இவ்வளவு சின்ன உடம்பு, வாழ்வதற்கு இவ்வளவு அவசரப்படும் என்று எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லியிருக்கவில்லை.

வெயில் சாயும்போது அக்கா அசையாமல் உட்கார்ந்தாள். “அப்பா, மடி நனைஞ்சிருச்சு.”

அப்பா அந்த ஈரத்தைத் தொட்டு முகர்ந்து பார்த்தார். “மூத்திரந்தான்” என்றார். பாட்டிலைத் தூக்கி, எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று வெளிச்சத்தில் பார்த்தார்.

“ஊத்தும்மா. நிறுத்தாத.”