முதல் ஏழு நாட்களின் எண்கள்

பிலோமின்ராஜுக்கு வேலை எலிகளுக்கு ரத்த அழுத்தம் பார்ப்பது. புதுக்கோட்டை சாலையில் ஒரு பார்மசி கல்லூரி, இரண்டாம் மாடி, கடைசி அறை. இருபத்து நான்கு வருடங்கள். கூண்டு கழுவும் ஆளாகத்தான் சேர்ந்தார். பிறகு ஒரு மெஷின் வந்தது. அதை இயக்கப் படித்தவர்கள் வந்தார்கள், எலி கடித்தது, போனார்கள். மெஷின் இவரிடம் தங்கியது.

ஊசி கிடையாது, வெட்டு கிடையாது. எலியை ஒரு குழாய்க்குள் விடவேண்டும். மூக்கு ஒரு முனையில் இருக்கும், மறுமுனையில் வால் வெளியே நீண்டிருக்கும். வாலின் அடியில் மோதிரம் அளவுக்கு ஒரு பட்டை. பட்டை காற்றில் இறுகும்போது வாலில் ரத்தம் நிற்கும். மெல்லத் தளரும்போது ரத்தம் திரும்ப ஓடும். அந்தக் கணத்தை மெஷின் பிடித்து எண்ணாகக் காட்டும். மனிதர்களுக்குக் கையில் செய்வதுதான். மனிதரிடம் பயப்படாதீர்கள் என்று சொல்லலாம். எலியிடம் சொல்ல முடியாது. வேலை முழுவதும் அதில்தான் இருந்தது.

பயந்த எலியின் எண் பொய். நூற்றிருபது இருக்கவேண்டிய இடத்தில் நூற்றறுபத்தைந்து காட்டும். அதனால் ஏழு நாள் குழாய்க்குப் பழக்குவார்கள். அந்த ஏழு நாள் எண்களை நோட்டில் எழுதுவதில்லை. எட்டாம் நாளும் முதல் ஐந்து எண்களை விட்டுவிடவேண்டும். எலி அசைந்தால் அந்த எண்ணும் கணக்கில் இல்லை. இதெல்லாம் எல்லா இடத்திலும் உள்ள முறை. ஆனால் எலி எப்போது அடங்கியது என்பது பிலோமின்ராஜின் கைக்குத்தான் தெரியும். குழாயின் மேல் உள்ளங்கையை வைத்து உட்கார்ந்திருப்பார். ஒரு நேரத்தில் உள்ளே மூச்சு மாறும். "இப்ப எழுதிக்கங்க" என்பார். ஆராய்ச்சி மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள்.

குழாய்க்குள் இருட்டாக இருந்தால் எலி சீக்கிரம் அடங்கும். அதற்கு உறைகள் தைத்துக் கொடுத்தவள் அவர் மனைவி அக்னஸ். ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர். சீருடைத் துணியின் மிச்சத்தில் பன்னிரண்டு நீல உறைகள்.

"எலிக்கெல்லாம் யூனிஃபார்ம் தச்சுக் குடுத்தாச்சு. அட்டென்டன்ஸ் நீங்க எடுத்துக்கங்க" என்றாள்.

போன வருடம் ஜூலையில் அந்தப் பள்ளியில் ஒரு மருத்துவ முகாம் நடந்தது. ஆசிரியைகள் வரிசையில் நின்றார்கள். அக்னஸுக்கு நூற்றெண்பத்தாறுக்கு நூற்றுப் பன்னிரண்டு. நர்ஸ் சீட்டில் எழுதி, எண்ணைச் சுற்றி இரண்டு முறை வட்டம் போட்டாள். "நாளைக்கே டாக்டரப் பாருங்க டீச்சர். தள்ளிப் போடாதீங்க."

அக்னஸின் தம்பி ஜோஸ் கைலாசபுரத்தில் இருந்தான். தொழிற்சாலையில் வெல்டர். ஐம்பத்தொன்றாம் வயதில் பிரஷர் ஏறிக் குளியலறையில் விழுந்தான். நான்கு வருடம் கிடந்தான். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து அக்னஸ் அவனுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு வருவாள். அவளை அவன் கடைசிவரை "கதவு" என்றுதான் கூப்பிட்டான். வேறு சொல் அவனிடம் மிஞ்சவில்லை.

பாலக்கரை வீட்டில் அந்த மாலை சீட்டை மேசையில் வைத்தாள்.

"சாகறதப் பத்தி இல்லைங்க. அவன மாதிரி கெடக்கக் கூடாது."

பிலோமின்ராஜ் சீட்டைப் பார்த்தார். "எப்ப பார்த்தாங்க?"

"காலையில. பிரேயர் முடிஞ்ச உடனே."

"பஸ்ல நின்னுட்டுதானே போன?"

"சத்திரம் பஸ் ஸ்டாண்டுலேந்தே நின்னுட்டுதான்."

"மாடி ஏறினியா?"

"மூணாவது மாடி."

"க்யூவுல பேசிக்கிட்டு இருந்திருப்ப."

"டீச்சருங்க க்யூவுல பேசாம என்ன பண்ணுவாங்க?"

"அப்ப இது நம்பரே இல்ல" என்றார். "இப்படிப் பார்த்தா எந்த எலிக்கும் ஏறும்."

அவள் முகம் தெளிந்தது. அவளும் அதைத்தான் கேட்க விரும்பினாள். டாக்டரிடம் போனால் மாத்திரை எழுதுவார்கள். ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. "ஜோஸும் மாத்திரை போட்டுட்டுதாங்க இருந்தான்" என்றாள். அவன் பாதி நாள் போடவில்லை என்பது இருவருக்கும் தெரியும். அதை இருவரும் சொல்லவில்லை.

தில்லை நகரில் கைக்கு மாட்டும் மெஷின் ஒன்று வாங்கி வந்தார். ஒரு நீள நோட்டும் வாங்கினார்.

ஏழு நாள் பழக்கினார். பள்ளி விட்டு வந்து அவள் முகம் கழுவுவாள். டியூப்லைட்டை அணைப்பார். மின்விசிறியைக் குறைப்பார். நாற்காலியில் அவள் கண்ணை மூடிச் சாய்ந்திருப்பாள். பட்டையைச் சுற்றிவிட்டு, அவள் மணிக்கட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவார். முதல் நாள் நூற்றெண்பத்திரண்டு. மறுநாள் நூற்றெழுபத்தொன்பது. ஏழு நாளும் எழுதவில்லை.

எட்டாம் நாள் நூற்றெழுபத்தொன்றில் தொடங்கியது. பட்டை இறுகித் தளர்ந்தது. நூற்றறுபத்திரண்டு. நூற்றைம்பத்தைந்து. நாற்பத்தொன்பது. நாற்பத்து நான்கு. அவள் மூச்சு மாறியது. அடுத்தது நூற்று முப்பத்தெட்டு.

"அடங்கிருச்சு" என்றார். நோட்டில் நூற்று முப்பத்தெட்டு என்று எழுதினார்.

அவள் கண்ணைத் திறக்காமல் சொன்னாள். "கல்யாணமாகி இருபத்தொம்பது வருஷத்துல இவ்வளவு நேரம் என் கையப் புடிச்சதில்ல. எலிங்கதான் குடுத்து வச்சதுங்க."

"பேசாத. ஏறிடும்."

"ஏறட்டும். திரும்ப எறக்குங்க."

அதன் பிறகு தினமும் அந்தக் கால்மணி நேரம் இருந்தது. அவள் அதற்காக டீ போடுவதைத் தள்ளிவைத்தாள். பக்கத்து வீட்டு பிரான்சி கூப்பிட்டால் "அவரு என் பிரஷர் பார்க்கிற நேரம், அப்புறமா வரேன்" என்று ஜன்னல் வழியே சொல்வாள். நோட்டில் நூற்று முப்பத்தாறு, முப்பத்தெட்டு, முப்பத்து நான்கு என்று எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. மதுரையில் வங்கியில் வேலை பார்க்கும் மகள் கேத்தரினுக்கு வாரம் ஒருமுறை பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புவாள். கேத்தரின் கட்டைவிரல் படம் ஒன்று திருப்பி அனுப்புவாள்.

அக்டோபரில் அல்ஷிஃபாவின் ஆராய்ச்சி முடிந்தது. முனைவர் பட்டத்துக்காக மூன்று வருடமாக அந்த அறைக்கு வந்துகொண்டிருந்த பெண். உப்புத் தண்ணீர் கொடுத்து அழுத்தம் ஏற்றிய எலிகளுக்கு ஒரு மூலிகைச் சாறு கொடுத்துப் பார்த்தாள். ஆராய்ச்சி முடிந்தால் எலிகளும் முடியும். மயக்க மருந்து கொடுத்து, இதயத்தை எடுத்து எடை போடுவார்கள். பிலோமின்ராஜ் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, இது எந்த எலி?"

"நாலாம் நம்பர்."

அவள் தராசைப் பார்த்தாள். பிளேடால் இதயத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டினாள். சுவர் தடித்து, நடுவில் ஒரு ஊசி நுழையும் அளவுக்குத்தான் இடமிருந்தது.

"இதோட பிரஷர் நூத்தி முப்பதுன்னு எழுதியிருக்கு."

"அடங்கினதுக்கப்புறம் நூத்தி முப்பதுதான்ம்மா. இது அடங்கவே நேரமாகும். அரைமணி நேரம்கூடக் கையை வச்சிருந்திருக்கேன்."

"நூத்தி முப்பதுக்கு இந்த இதயம் வராதுண்ணே." அவள் முகக்கவசத்துக்குள் சிரித்தாள். "உங்க கைக்கு மட்டும் அடங்குதோ என்னமோ. நீங்க போனதும் ஏறிடுது போல."

"தராசைத் தொடச்சிட்டு இன்னொருவாட்டி போடும்மா" என்றார்.

அவள் துடைத்துப் போட்டாள். அதே எடை.

அன்று மாலை அக்னஸ் அடங்க ஒன்பது முறை பட்டை இறுக வேண்டியிருந்தது. காத்திருந்தார். ஒன்பதாவது நூற்று முப்பத்தேழு. எழுதினார்.

டிசம்பர் ஒன்பதாம் தேதி, மூன்றாம் பீரியட். அக்னஸ் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொத்தான் துளைக்குக் காஜா போடச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். மறுபடியும் முடியவில்லை. முன்வரிசைப் பிள்ளை ஒன்று ஊசியை வாங்கிக் கோத்துக் கொடுத்தது. அதை வாங்க அவள் வலது கையை நீட்டப் பார்த்தாள். கை நீளவில்லை. பிள்ளையைப் பார்த்துக் குழறலாக ஏதோ சொன்னாள். பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் விளையாடுகிறார் என்று நினைத்தார்கள்.

பிலோமின்ராஜ் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது ஸ்கேன் எடுத்திருந்தார்கள். மூளையின் இடப்பக்கம் ரத்தக் கசிவு. கேத்தரின் மாலையில் மதுரையிலிருந்து வந்தாள். வரும்போதே பாலக்கரைக்குப் போய் நீள நோட்டை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

டாக்டர் கேட்டார். "முன்னாடி பிபி இருந்துச்சா?"

"இல்ல டாக்டர். அப்பா தினமும் பார்ப்பாரு. அவருக்கு வேலையே அதுதான்." கேத்தரின் நோட்டை நீட்டினாள்.

டாக்டர் பக்கங்களைப் புரட்டினார். ஐந்து மாதம். ஒரு நாள்கூட விடவில்லை. "இந்த மாதிரி யாரும் எழுதி வைக்கிறதில்ல" என்றார். பிலோமின்ராஜைப் பார்த்துத் தலையசைத்தார். "உங்க பக்கத்துல ஒரு குறையும் இல்ல சார். சில பேருக்கு இப்படியும் வரும்."

பிலோமின்ராஜ் வாயைத் திறந்தார். கேத்தரின் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வாயை மூடிக்கொண்டார்.

மூன்றாம் நாள் அல்ஷிஃபா வந்தாள். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தாள். அவளுடைய அம்மா சாரா பீவி துஆ செய்வதாகச் சொல்லச் சொன்னார்கள் என்றாள். வார்டுக்கு வெளியே மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கேத்தரின் எல்லோரிடமும் காட்டுவதுபோல அவளிடமும் நோட்டைக் காட்டிவிட்டு மருந்து வாங்கக் கீழே போனாள்.

அல்ஷிஃபா முதல் பக்கத்திலிருந்து பார்த்தாள். முப்பத்தெட்டு, முப்பத்தாறு, முப்பத்து நான்கு. விரலை எண்களின் மேல் கீழே நகர்த்திக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"அண்ணே."

"ம்."

"இது எத்தனாவது ரீடிங்?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்டுபாய் காலிச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்.

"செட்டில் ஆனதுக்கப்புறம்" என்றார்.

"முதல் ரீடிங்லாம்?"

"எழுதல."

அவள் நோட்டை மூடினாள். மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். ஆரஞ்சுப் பையின் காதைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்தாள். கேத்தரின் படியேறி வருவது தெரிந்தது.

"நான் ஒண்ணும் கேக்கலண்ணே" என்றாள். எழுந்து போனாள்.

அவருக்கு அந்த எண்கள் எல்லாம் நினைவில் இருந்தன. நூற்றெண்பத்திரண்டு. நூற்றெழுபத்தொன்பது. நூற்றெழுபத்தாறு. எழுதாமல் விட்டும் மறக்கவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போதும், மாடி ஏறும்போதும், பிள்ளைகளிடம் கத்தும்போதும் அவளுக்கு இருந்தது அந்த எண். அவள் வாழ்ந்தது அதில்தான். மாலையில் கால்மணி நேரம், இருட்டில், அவர் கையின் கீழே மட்டும் வேறாக இருந்தாள். அதைத்தான் எழுதியிருந்தார்.

ஜனவரியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். வலப்பக்கம் இல்லை. பேச்சு இல்லை. ஜோஸிடமாவது ஒரு சொல் இருந்தது. கேத்தரின் பதினைந்து நாள் இருந்துவிட்டு மதுரைக்குப் போனாள். போகும்போது, "நீங்க இருக்கீங்கங்கிற தைரியத்துலதான்ப்பா போறேன்" என்றாள். அவர் பையைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார். எழுதாத எண்களைச் சொல்வதற்கு அதுதான் கடைசி இடம். ஆட்டோ திரும்பியது.

கல்லூரியில் இப்போது காலை மட்டும் வேலை. அந்த நேரம் பிரான்சி அக்னஸைப் பார்த்துக்கொள்கிறாள். ஒரு புதுப் பையன் அர்ஹம் கூண்டு கழுவுகிறான். பிலோமின்ராஜ் குழாயின் மேல் கையை வைப்பதில்லை. எலிகள் நெடுநேரம் அடங்காமல் இருக்கின்றன. மாணவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

டாக்டர் காலையும் மாலையும் பிரஷர் பார்க்கச் சொல்லியிருந்தார். மாத்திரைகள் நான்கு வகை. நீள நோட்டில் பாதிப் பக்கங்கள் மிச்சமிருந்தன. கேத்தரின் அதிலேயே கோடு போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

கேத்தரின் போனபின் தனியாக இருந்த முதல் மாலை. கட்டிலின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டார். அக்னஸ் அவரைப் பார்த்தாள். அவர் பட்டையைக் கையில் எடுத்ததும் அவள் கண்கள் டியூப்லைட்டைப் பார்த்தன. அவர் அணைக்கவில்லை. அவளாகவே கண்களை மூடிக்கொண்டாள். மூச்சை நிதானமாக இழுத்துவிடத் தொடங்கினாள். உடம்பில் மிச்சமிருந்த பாதியைத் தளரவிட்டாள்.

இடது கையில் பட்டையைச் சுற்றினார். கையைத் தொடாமல் பொத்தானை அழுத்தினார். பட்டை இறுகித் தளர்ந்தது. நூற்றெழுபத்து நான்கு.

பேனாவை எடுத்து எழுதினார். பட்டையைப் பிரிக்கும் சத்தம் கேட்டு அவள் கண்ணைத் திறந்தாள். அவரைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள். தலையை இடமும் வலமும் ஆட்டினாள். இடது கையின் ஆள்காட்டி விரலை உயர்த்தினாள். இன்னொருமுறை.

"போதும் அக்னஸ்."

விரல் இறங்கவில்லை.

திரும்பப் பட்டையைச் சுற்றினார். அவள் மணிக்கட்டை மெல்லத் திருப்பி, காத்திருந்தாள். கையை வைக்கச் சொல்கிறாள் என்பது புரிந்தது. வைக்கவில்லை. நூற்றெழுபத்தாறு. விரல் மறுபடி உயர்ந்தது. நூற்றெழுபத்தைந்து. விரல் உயர்ந்தது. அவள் கண்ணோரத்திலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் கையை வைத்தார். அவள் மூச்சு மாறியது. அவர் கைக்கு அது தெரிந்தது. மெஷின் நூற்றறுபத்தொன்று காட்டியது. பிறகு ஐம்பத்து நான்கு. பிறகு நாற்பத்தாறு. ஒவ்வொன்றுக்கும் அவள் உதட்டின் இடது பாதி சற்று விரிந்தது. வெளியே ஜன்னலருகே பிரான்சி வந்து நின்று, உள்ளே பார்த்துவிட்டு, அப்புறம் வருவதாகச் சைகை காட்டிப் போனாள்.

நோட்டில் நூற்றெழுபத்து நான்கு மட்டும் இருந்தது. அக்னஸ் எழுதச் சொல்லி நோட்டைப் பார்த்தாள். அவர் பேனாவை எடுத்தார். அவள் பார்த்துக்கொண்டிருக்க, ஒன்றும் எழுதாமல், நாற்பத்தாறு எழுதுவதுபோலத் தாளின் மேல் பேனாவை வெறுமனே நகர்த்தினார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.