சொர்க்கவாசல் என்று தட்டிய பிரான்சி அக்கா

பிரான்சி அக்காவுக்கு கே.கே. நகரில் வீடு. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் எங்கள் ஆஸ்பத்திரியில், நோயாளிகளின் பழைய கோப்புகளைக் கணினியில் தேடி எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. உட்கார்ந்தால் டீ ஆறுவதுகூடத் தெரியாது. நோயாளிகள் யாருக்கும் அவர் முகம் தெரியாது. அன்று தெரிந்தது!

ஸ்ரீரங்கத்துக் குமுதவல்லிக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. உடனே ஆபரேஷன். முன்பு ஏதோ ஊசி போட்டு அவருக்கு மூச்சு அடைத்திருக்கிறது. எந்த ஊசி என்று கணவர் ஜனார்தனுக்குத் தெரியவில்லை. டாக்டர் சகாயநாதன் அவரையும் கூட்டிக்கொண்டு அக்காவின் மேஜைக்கே ஓடிவந்தார்.

“சீக்கிரம் பாருங்க பிரான்சி. அதே மருந்தைக் குடுத்துட்டா உயிருக்கே ஆபத்து. ரொம்ப நேரம் காத்திருக்கவும் முடியாது.”

பெயர், வயது, ஸ்ரீரங்கம், ஊசி, ஒவ்வாமை. அக்கா தட்டினார். ஒன்றும் வரவில்லை. தெருப்பெயரையும் சேர்த்தார். ஊஹூம்.

“இவ்வளவு பெரிய கம்ப்யூட்டருக்கு என் ஆத்துக்காரியைத் தெரியலையா?” ஜனார்தன் திரையை எட்டிப் பார்த்தார்.

அக்காவின் விரல்கள் நின்றன. தட்டுகிற எல்லாச் சொல்லும் ஒரே கோப்பில் இருந்தால்தான் அது வரும். பயத்தில் சொல்லைக் கூட்டக் கூட்ட வழி குறுகிக்கொண்டே போகிறது. மற்றதை எல்லாம் அழித்துவிட்டுப் பெயரை மட்டும் வைத்துத் தேடினார். ஒரு கண் பரிசோதனை வந்தது. அதில் ஊசியே இல்லை.

“எங்க வச்சு ஊசி போட்டாங்க சார்?”

“வைகுண்ட ஏகாதசிக்குப் பெருமாளைச் சேவிக்கப் போனோம். கூட்டத்துல கால்ல கண்ணாடி குத்திடுத்து. உங்க டென்ட்லதான் தையல் போட்டா, மூணு ஊசி. உடனே முகமெல்லாம் வீங்கி மூச்சு அடைச்சுடுத்து.”

அக்கா நிமிர்ந்தார். கோயில் விழாவுக்கு எங்கள் ஆஸ்பத்திரி போடும் மருத்துவ முகாமில் எழுதும் சீட்டுகளைப் படம் பிடித்து மொத்தமாக ஏற்றுவார்கள். படத்துக்குள் இருக்கும் கையெழுத்தை எங்கள் தேடல் படிக்காது. ஏற்றியவர் கூடவே தட்டிய சொற்களை மட்டும்தான் பார்க்கும். அந்தக் கூட்டத்தில் பெயரையா தட்டியிருப்பார்கள்?

‘சொர்க்கவாசல்.’ அந்த முகாமை ஆஸ்பத்திரியில் அப்படித்தான் சொல்வோம். பக்கம் பக்கமாகக் கொட்டியது. டாக்டர் தலையில் கைவைத்தார். அக்கா ‘தையல்’ சேர்த்தார். குறைந்தது. ‘வீக்கம்’ சேர்த்தார்.

ஒரே ஒரு படம். குமுதவல்லி! பக்கத்து மேஜையிலிருந்த எனக்கு அழுகையே வந்துவிட்டது.

டாக்டர் சீட்டைப் படித்து அங்கிருந்தே போனில் கத்தினார்: “பெனிசிலின் வகை வேண்டாம்! மாத்துங்க!”

சாயங்காலம், குமுதவல்லி கண்விழித்ததைச் சொல்ல ஜனார்தன் வந்தார். அக்கா அப்போதும் தட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முகாம் சீட்டுக்கும் அதில் எழுதியிருந்த நோயாளியின் பெயர்.

“இன்னும் என்னம்மா தேடறே?”

“தேடல சார். அடுத்து யார் வந்தாலும், பேரைச் சொன்னா உடனே வரணும்ல?”