பிரவுனி ஏன் மாமியிடம் உட்காரவில்லை

நான் ஒரு நாயைத் திருடினேன்.

சுவரேறிக் குதித்தல்ல. சங்கிலியை அறுத்தும் அல்ல. வாரத்தில் மூன்று நாள், மாலை ஐந்து மணிக்கு வாசல் மணியை அடித்து, உள்ளே போய், நாய்க்குச் சொந்தக்காரர் கையாலேயே காபி வாங்கிக் குடித்துவிட்டு, அவர் கண்ணெதிரிலேயே திருடினேன்!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அந்த நாட்களை நினைத்தால் எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வருகிறது. சிரித்து முடித்த பிறகு வருவதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்...

எனக்குச் சிறு வயது முதலே நாய் என்றால் பைத்தியம். பள்ளி விட்டு மயிலாப்பூர் மாட வீதி வழியாக வரும்போது, டப்பாவில் மிச்சம் வைத்த தயிர்சாதத்தைத் தெருநாய்களுக்குப் போடுவேன். சும்மா போடமாட்டேன். உட்கார்ந்தால்தான் சோறு. ஒரே மாதத்தில் மூன்று நாய்கள் கல்யாணப் பந்தியில் இருப்பதுபோல வரிசையாக உட்காரப் பழகின!

"இன்னாம்மா, நாய்க்கு இஸ்கூல் வச்சிக்கினு கீறியா?" என்றாள் பூக்காரி.

கேலிதான். எனக்கோ அது வாழ்த்தாகக் கேட்டது.

பி.காம். முடித்ததும் அப்பா வங்கித் தேர்வுக்குப் புத்தகம் வாங்கி வந்தார். நான் லஸ் முனை நடைபாதைக் கடையிலிருந்து, நாய்களைப் பழக்குவது பற்றிய பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்தேன்.

"பொண்ணு என்ன பண்றான்னு கேட்டா நான் என்ன சொல்றது? நாய்க்கு வாத்தியார்னா?"

"ஆமாப்பா. அப்படியே சொல்லுங்க."

அப்பா சிரித்துவிட்டார். அவர் சிரித்தால் சம்மதம் என்று பொருள்.

எனக்குக் கிடைத்த முதல் மாணவன் பிரவுனி. ராஜா அண்ணாமலைபுரத்தில் வீணையும் பாட்டும் கற்றுக்கொடுத்த ஜெயா மாமியின் வீட்டு லாப்ரடார். மாமியின் கணவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே மகன் ராஜு வேலை கிடைத்து மனைவியோடு அமெரிக்கா போனபோது, இவனை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போயிருந்தான். கெட்டி டிகாக்‌ஷன் நிறம். வீணை வகுப்புக்கு வரும் பெண்களின் செருப்புகளை ஒவ்வொன்றாகத் தோட்டத்துக்குக் கடத்துவது அவன் அன்றாட வேலை!

"சுதா, இது நான் சொன்னா கேக்கணும். அவ்வளவுதான். ஆத்துல என்னை ஒரு மனுஷியாவே மதிக்கமாட்டேங்கறது" என்றார் மாமி.

நாயைப் பழக்குவதில் பாதி வேலை நாயோடு. மீதி வேலை வீட்டுக்காரரோடு. நாய் கற்றதை அவருக்குக் கைமாற்றித் தந்துவிட்டு நாம் விலகிக்கொள்ள வேண்டும். என் பழைய புத்தகத்தில் அது தெளிவாகவே எழுதியிருந்தது. படித்திருந்தேன்... தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

"உட்காரு" என்று சொல்லும் முன், என்னையறியாமல் நாக்கை மெல்லச் சொடுக்குவது என் வழக்கம். மூன்றாவது வாரத்தில்தான் கவனித்தேன்: பிரவுனி என் சொல்லைக் கேட்டு உட்காரவில்லை, அந்தச் சொடுக்கைக் கேட்டுத்தான் உட்காருகிறான்! சொடுக்கு இல்லாவிட்டால் "உட்காரு" என்பது அவனுக்கு வெறும் சத்தம்.

நாக்கைச் சொடுக்கிவிட்டுச் சொல்லுங்கள் மாமி. இவ்வளவுதான் நான் சொல்லியிருக்க வேண்டியது. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து அவன் வந்து என் முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டான்.

வாயை மூடிக்கொண்டேன்.

அதன்பின் மாமி பட்ட பாடு! அதட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், ஒரு நாள் ராகம் போட்டுப் பாடியே பார்த்தார். "உட்காரு... உட்காரேன்டா கண்ணா..." பிரவுனி வாலை ஆட்டியபடி என்னையே பார்த்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பி மாமிக்குக் கேளாமல் ஒரு சொடுக்குச் சொடுக்குவேன். பொத்தென்று உட்காருவான்.

"உன் கையில ஏதோ இருக்குடீ!" என்று மாமி வியந்தார். தம் மாணவிகளிடமெல்லாம் என்னைப் பற்றிச் சொன்னார். தியாகராய நகரில் ஒரு பொமரேனியன், அடையாறில் ஓர் அல்சேஷன் என்று அழைப்புகள் வந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு நாள் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. மாமி ஓடிப்போய் அணைத்துவிட்டு, "த்சொ" என்று நாக்கைச் சொடுக்கினார். பின்னாலேயே வந்த பிரவுனி சட்டென்று உட்கார்ந்தான்!

"சுதா! உக்காந்துடுத்து பாரு! எங்கிட்ட உக்காந்துடுத்து!"

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பரிசு வாங்கிய பள்ளிக்கூடப் பெண்ணின் முகம்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"தற்செயல் மாமி. நின்னு நின்னு கால் வலிச்சிருக்கும்."

"அப்படியா..." என்றார். அப்புறம் அடுப்பு மேடையைத் துடைக்கத் தொடங்கினார்.

அடுத்த மாதம் அவனுடைய பாயையும், தட்டையும், சங்கிலியையும் என்னிடம் எடுத்துத் தந்தார். "அது உன்னைத்தான் அம்மான்னு நெனச்சுண்டிருக்கு. என்கிட்ட இருந்தா அதுக்கும் கஷ்டம். அழைச்சுண்டு போ."

அழுதேன் என்று எழுத ஆசைதான். ஆனால் துள்ளிக் குதித்தேன்! காது இரண்டும் காற்றில் பறக்க, அவன் ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்து கோபாலபுரத்தில் எங்கள் வீடு வரை வந்தான். என் வாழ்நாளில் அதைவிட மகிழ்ச்சியான பயணம் இல்லை. வெட்கக்கேடு... ஆனாலும் அதுதான் உண்மை.

அவன் எனக்கு விளம்பரப் பலகையானான். தெருவில் அவன் என்னோடு நடக்கும் அழகைப் பார்த்தே ஆட்கள் தேடி வந்தார்கள். இன்று நான் முழுநேரமும் நாய்களுக்கு வாத்தியார். அப்பா பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்.

மாமி ஞாயிற்றுக்கிழமைகளில் பிஸ்கட்டோடு வருவார். முதலில், சொடுக்கு விஷயத்தைச் சொன்னால் அவனைத் திரும்பக் கேட்பாரோ என்ற பயம். பிறகு பயம் போய்விட்டது. அதற்குள் வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது.

போன வருடம் மகனோடேயே இருந்துவிடுவதென்று புறப்பட்டார். விடைபெற வந்தவர் வாசலில் நின்று சிரித்துக்கொண்டே சொன்னார்: "ராஜு பொண்ணு நாய்க்குட்டி வேணும்னு அடம் பிடிக்கறாளாம். நான் இருக்கற ஆத்துல வேண்டாம்னுட்டேன். பாட்டு சொல்லித் தரேன்னுதான் பேரு... என் குரல் நாய்க்கு ஆகாது சுதா. என்னவோ குறை இருக்கு அதுல."

இல்லை மாமி! உங்கள் குரலில் ஒரு குறையும் இல்லை! சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்தார். நான் மாமியின் பையை வாங்கி, இருக்கையில் பத்திரமாக வைத்தேன். "உடம்பைப் பாத்துக்கோங்க" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன்.