கரிசலில் தண்டவாளம் இல்லாத ரயில்

எனக்கு ரயில் பைத்தியம். ஓடுகிற ரயிலைவிட, ஓடி நின்றுபோன ரயில் மேல் கொஞ்சம் கூடுதல் பைத்தியம். 1983 ஐப்பசியில் நான்கு நாள் லீவு கிடைத்தது. கோவில்பட்டிக்குத் தெற்கே ஒரு கல் குவாரிக்குக் கிளைப் பாதை இருந்ததாம். ஜல்லி வண்டியோடு ஒரே ஒரு பயணிகள் பெட்டியைக் கோத்து ஓட்டினார்களாம். குவாரி மூடியதும் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று கூட வேலை பார்த்தவர் சொல்லியிருந்தார். மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்க்காவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. "இல்லாத ரயிலைப் பார்க்கக் காசு செலவழிச்சுப் போற ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்றாள் மனைவி. வாஸ்தவம்தான். போனேன்.

மதுரையில் மதியம் 2.10க்கு பாசஞ்சர். மீட்டர் கேஜ், கரி எஞ்சின். கண்ணில் விழுந்த கரித்தூள் சாத்தூர் வரை உறுத்தியது. கோவில்பட்டியில் இறங்கும்போது மணி 5.25. தூரம் சுமார் நூறு கிலோமீட்டர், டிக்கெட் எட்டு ரூபாய்க்குள். ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜில் ஒரு ராத்திரிக்குப் பன்னிரண்டு ரூபாய், மூட்டைப்பூச்சி இலவசம். கடலைமிட்டாய் கால் கிலோ வாங்கி வைத்துக்கொண்டேன். மறுநாள் மதியச் சாப்பாடு அதுதான்.

காலை 6.05க்குத் திருநெல்வேலி பஸ். இடைசெவல் தாண்டி, ஊர்ப்பாதை பிரிகிற ஒரு விலக்கில் 6.35க்கு இறங்கினேன். ராத்திரி நல்ல மழை. விலக்கில் ஒரு டீக்கடை. குவாரி இருந்த ஊருக்கு எப்படிப் போவது என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"மண்ணுல கால வச்சிராதீய அண்ணாச்சி, மழ பெஞ்சிருக்கு. ரயில்ல போயிருங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ரயிலா? இன்னுமா ஓடுது? எத்தனை மணிக்கு?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மணியா? அது எப்பவும் இங்கனதான் கெடக்கு. அந்தா பாருங்க, ரயில்லதான் வாராவ."

கரிசல் காட்டுக்கு நடுவே நாலடி உயரத்தில் ஒரு கரை. அதன் மேல் வரிசையாகப் பெண்கள், கையில் தூக்குச்சட்டியோடு நடந்து வந்துகொண்டிருந்தார்கள். தண்டவாளம் போனாலும் பேர் போகவில்லை. ஜல்லி போட்ட அந்தக் கரைக்குத்தான் இந்த ஊரில் ரயில் என்று பேர். 'ரயில்ல வந்தேன்' என்றால் அதன் மேல் நடந்து வந்தேன் என்று அர்த்தம். சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது.

சும்மா இருப்பேனா? கரை எத்தனை எட்டு அகலம், ஜல்லி எத்தனை அங்குலம் என்று அளந்து நோட்டில் குறிக்க ஆரம்பித்தேன். பெண்கள் விலக்கில் 'ஆபீஸ்' பஸ்ஸுக்கு நின்றார்கள். தீப்பெட்டித் தொழிற்சாலையை இங்கே ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். சரியாக ஏழு மணிக்கு பஸ் வந்தது. எல்லோரும் ஏறினார்கள். ஒருத்தி மட்டும் ஏறவில்லை.

"ஏட்டி, நீங்க போங்க. நான் இவிய யாருன்னு கேட்டுட்டு வாரேன்" என்றாள். பஸ் போய்விட்டது. அதோடு அவளுடைய அன்றைய கூலியும் போய்விட்டது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பெயர் பேச்சியம்மாள், முப்பத்தைந்து வயது இருக்கும்.

"எப்ப அள்ளப் போறீய?" என்றாள்.

"எதை?"

"ஜல்லியத்தான். போன வாரம் ஜீப்புல வந்தவனும் இப்படித்தான் எட்டு வச்சு அளந்து நோட்டுல எழுதுனான். ஏலம் முடிஞ்சிட்டு, தையில லாரி வருதுன்னான்."

"நான் ரயில்வே ஆளே இல்லம்மா. சும்மா பார்க்க வந்தேன்."

"சும்மா பாக்க வந்தவரு எதுக்கு அளக்கீய?"

நியாயமான கேள்வி. நோட்டை மூடிப் பைக்குள் போட்டேன்.

"சரி, கீழ எறங்கிப் பத்து எட்டு நடங்க" என்றாள். இறங்கினேன். மூன்றாவது எட்டிலேயே வலது செருப்பு மண்ணுக்குள் போய்விட்டது. இடது காலில் ஒட்டிய கரிசல், அம்மிக்கல்லைக் கட்டிவிட்டதுபோல் கனத்தது. கையைப் பிடித்துத் தூக்கித்தான் கரையேற்றினாள்.

"இந்த ஜல்லி போச்சுன்னா மழ முடியுற வரைக்கும் எங்களுக்கு ஆபீஸ் கெடையாது. என் மக ஒம்பதாப்பு படிக்கா, அவளும் இதுலதான் போயிட்டு வாரா. பள்ளிக்கூடம் நின்னா பெறகு அவளும் என்கூட உக்காந்து தீப்பெட்டிதான் ஒட்டணும்." எனக்கு வெட்கமாகிவிட்டது. நான் வேடிக்கை பார்க்க வந்த இடம் அவர்களுக்குப் பிழைப்பு.

விலக்கிலிருந்து ஊர் மூன்றரை கிலோமீட்டர், பேச்சியம்மாளோடு கரை மேல் ஐம்பது நிமிஷ நடை. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் செல்வி நோட்டிலிருந்து நடுத்தாளைக் கிழித்துக் கொடுத்தாள். ஜல்லியை அள்ள வேண்டாம் என்று நான் ரயில்வேக்கு மனு எழுத உட்கார்ந்தேன். 'எங்கள் ஊரின் கைவிடப்பட்ட ரயில் பாதையில் உள்ள ஜல்லியை...' என்று எழுதிப் படித்துக் காட்டினேன்.

"நிறுத்துங்க. கைவிட்டது யாரு?"

"ரயில்வே."

"நாங்க கைவிடலையே! கைவிட்டதுன்னு எழுதுனா, வேண்டாத சாமான்தானன்னு அள்ளிட்டுப் போயிருவாவ. ரயிலுங்கற பேச்சே வேண்டாம். சனங்க நடக்குற பாதைன்னு போடுங்க."

ரயில் என்று போடாவிட்டால் எந்த இடம் என்று அவர்களுக்கே தெரியாது என்று வாதாடிப் பார்த்தேன். அவள் அசையவில்லை. 'மக்கள் நடக்கும் பாதை' என்றே எழுதி, ஊரார் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி, சாயங்காலம் கோவில்பட்டியில் தபாலில் சேர்த்தேன். உருப்பட்ட மாதிரிதான் என்று முணுமுணுத்துக்கொண்டே சேர்த்தேன்.

பழைய ரயில் பாதை தேடிப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. கரிசல் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் போனால் செருப்பைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் கொண்டுபோங்கள், வழியில் கடை கிடையாது. நான் போன நாளில் திரும்பும் பஸ் விலக்கில் 5.40க்கு, விட்டால் ஒன்றரை மணி நேரம் காத்துக்கிடக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, நோட்டை எடுக்கும் முன் நீங்கள் யார் என்று சொல்லிவிடுங்கள். அன்று நான் சொல்லாததற்கு ஒருத்தி ஒரு நாள் கூலியைக் கொடுத்தாள்.

பங்குனியில் செல்வியிடமிருந்து ஓர் இன்லண்ட் லெட்டர் வந்தது. மனுவுக்கு மார்கழியிலேயே பதில் வந்துவிட்டதாம். 'தாங்கள் குறிப்பிடும் நடைபாதை எங்கள் துறைக்குச் சொந்தமானதன்று. உரிய இடத்தில் முறையிடவும்.' அடக் கடவுளே, நான் சொன்னபடியே ஆயிற்றே என்று தலையில் அடித்துக்கொண்டேன். மீதிக் கடிதத்தை அப்புறம்தான் படித்தேன்.

தையில் லாரி வந்திருக்கிறது. பேச்சியம்மாள் கரை மேல் குறுக்கே நின்று அந்தக் கடுதாசியை நீட்டியிருக்கிறாள். "இது அவியளுது இல்லன்னு அவியளே சீல் குத்திக் குடுத்திருக்காவ. அவியளுது இல்லாதத உமக்கு எப்படி வித்தாவ?"

டிரைவர் இரண்டு தடவை படித்துப் பார்த்தாராம். கரை மேல் லாரியைத் திருப்ப இடமில்லை. விலக்கு வரைக்கும் ரிவர்சிலேயே போனாராம்.