ஜப்பான்காரர் விட்டுவைத்த இடம்

காலையில் பிரியாணிக்கு மசாலா வறுத்துக்கொண்டிருந்தேன். கிராம்பு பொரிந்து வாசம் எழும்பியதும் கை கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டது. வீட்டில் மற்றவர்களுக்கு அது பிரியாணி வாசம். எனக்கு அது துபாய் சத்வாவில், ஒரு தையல்கடைக்கு மேல்மாடியில் இருந்த பெட்டி மாதிரியான அறையின் வாசம். அந்த அறைக்குள் எங்கள் கடற்கரைப் பெண்கள், அத்தனை பேரும் நர்சுகள், தொண்டை காயாமல் இருக்க ஆளுக்கொரு கிராம்பைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு, ஒரு ஜப்பான்காரருடைய இசையை வாயை மூடிக்கொண்டே பாடினார்கள். ஏசி ஓடினால் மைக்கில் இரையும் என்று அதையும் நிறுத்தி வைத்திருப்பேன். வெளியே ஆகஸ்ட் மாத வெயில். நம்ப மாட்டீர்கள், நானே அங்கே இல்லாதிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். இதை நினைத்துக்கொண்டு நின்றதில் மசாலா கருகி, மகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்கள் அவை. நான் அங்கே ஒரு டப்பிங் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு வேலை பார்த்தேன். ஸ்டூடியோ என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிடாதீர்கள். மொத்தமே மூன்று அறைதான். ஒன்றில் கம்ப்யூட்டரும் நானும், ஒன்றில் மைக், மூன்றாவதில் முதலாளி ஹமீது காக்கா. காயல்பட்டினத்துக்காரர். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து போன எனக்கு முதல் நாள் அப்படிக் கூப்பிடச் சிரிப்பு வந்தது. சில மாதங்களில் வாய் பழகி, ஊரில் இருக்கிற சொந்த அண்ணனையும் போனில் காக்கா என்றுவிட்டேன். அவன் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறான். தலைமுறை தலைமுறையாகத் துணி வியாபாரம் செய்த குடும்பத்தில் பிறந்துவிட்டு, கார்ட்டூன் பைத்தியம் பிடித்து ஸ்டூடியோ வைத்த மனிதர் அவர்.

எங்கள் வேலை இதுதான். ஜப்பானிலிருந்து கார்ட்டூன் தொடர்கள் டேப்பில் வரும். ஒரு தடத்தில் பேச்சு இருக்கும், இன்னொன்றில் இசையும் மற்றச் சத்தங்களும். ஜப்பான் பேச்சை எடுத்துவிட்டு அரபிப் பேச்சைப் பதிந்து சேர்க்க வேண்டும். அந்த வருடம் ஒரு பெரிய தொடர் வந்தது. ஒரு சிறுமியும் ஒரு கிழட்டு ஆமையும் தொலைந்துபோன தீவைத் தேடிக் கடலில் போகும் கதை. காக்கா கையில் இருந்ததையெல்லாம் அதில் போட்டுவிட்டார். வாங்க ஒப்புக்கொண்ட குழந்தைகள் சேனலின் ஆள் வந்து, டீ குடித்து, குடும்பத்தையெல்லாம் விசாரித்து, எழுந்து போகும்போது வாசலில் நின்று இரண்டே வார்த்தை சொன்னார். ‘மூசிக் மாஃபி.’ இசை கிடையாது என்று அர்த்தம். கருவிச் சத்தம் எதுவும் கேட்கக் கூடாது, மனிதக் குரல் மட்டும் இருக்கலாம்.

அங்கே சில சேனல்களுக்கு அப்படி ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வந்தவர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊர் மாதா கோயிலிலும் பெரிய வியாழன் அன்று ஆர்மோனியத்தை மூடினால் ஈஸ்டர் இரவுப் பாஸ்கா பூசைக்குத்தான் திறப்பார்கள். மணிகூட அடிக்க மாட்டார்கள், மரக்கட்டையைத் தட்டுவார்கள். வாய் இருக்கிறதல்லவா, பாடு என்றுதான் நாங்கள் வளர்ந்தோம்.

காக்கா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தொடர் கைவிட்டுப் போனால் ஸ்டூடியோவைப் பூட்ட வேண்டியதுதான். பூட்டினால் என் விசாவும் கேன்சல், நான் ஊருக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதுதான். இசைத் தடத்தை நிறுத்திவிட்டுப் படத்தை ஓட்டிப் பார்த்தோம். சிறுமி அழுகிறாள், ஆமை பெருமூச்சு விடுகிறது, துடுப்பு சளக் சளக் என்கிறது. சாவு வீட்டில் யாரோ மறந்துபோய் டிவியைப் போட்ட மாதிரி இருந்தது. வாயாலேயே பண்ணிவிடலாம் காக்கா என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்னது இல்லை, விசா பயத்தில் வந்துவிட்டது.

‘யாரு வாயால தங்கச்சி? எனக்குப் பாட்டே வராதுண்டு எங்க உம்மாவே சொல்வா’ என்றார்.

யார் வாயால் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. வெள்ளிக்கிழமைதான் அங்கே லீவு, ஆகவே வெள்ளிக்கிழமைதான் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை. ஒரே கோயில் வளாகத்தில் மலையாளிகள், கோவாக்காரர்கள், பிலிப்பினோக்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு நேரம் ஒதுக்கியிருப்பார்கள். எங்கள் தமிழ்ப் பூசைக்குக் கிடைத்தது உச்சிவெயில் நேரம். ஆனாலும் பாடகர் குழு அப்படி ஒரு குழு. பாதிப்பேர் இரவு டூட்டி முடித்துத் தூங்காமல் வந்து பாடுவார்கள். தலைவி செல்வமேரி அக்கா. வார்டில் அவர் ஒரு பார்வை பார்த்தால் டாக்டர்களே குரலைத் தாழ்த்துவார்களாம். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பார்வையை என்மேல் விட்டார். ‘யாம் பிள்ளே, இந்த வயசில நமக்குப் பொம்மப் படமா?’ அப்புறம் ஸ்டூடியோ என்றால் எப்படி இருக்கும் என்று கேட்டார். சரி, மீன் தூண்டிலைக் கடித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக அந்த இசையை நான் நூல் நூலாகப் பிரித்துக் கேட்டேன். அப்போதுதான் அந்த ஜப்பான்காரருடைய கதையையும் படித்தேன். டேப்போடு ஆங்கிலத்தில் ஒரு சின்னப் புத்தகம் வந்திருந்தது. மனிதர் வேலைக்குச் சேர்ந்தது வீடியோ கேம் செய்யும் ஒரு கம்பெனியில். அந்தக் காலத்து மெஷினில் மொத்தம் மூன்று சத்தம்தான் வரும், அதுவும் பீப் பீப் என்று. அந்த மூன்றை வைத்துக்கொண்டு, பிள்ளைகள் சாப்பிடும்போதும் முணுமுணுக்கிற மெட்டுகளைப் போட்டிருக்கிறார். பிறகு மெஷின் வளர வளர அவரும் வளர்ந்து, நிஜ வயலின்கள் வந்து, கார்ட்டூன்களுக்குக் கூப்பிட்டு, கடைசியில் வெறும் கேம் பாட்டைக் கேட்கவே ஜனங்கள் டிக்கெட் வாங்கி ஹால் நிறைய உட்காரும் நிலைமைக்கு வந்துவிட்டார். இதைப் படித்த அன்று சாயங்காலம் படியிறங்கும்போது, எங்கள் தெருமுனைக் கேம் கடையிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு நின்றேன். தினமும் தலைவலி என்று திட்டிக்கொண்டு தாண்டிப்போன பாட்டு அவருடையதுதான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மூன்று சத்தத்தில் கைபழகியவர் என்பதால் எத்தனை வயலின் வைத்தாலும் உள்ளே ஓடுவது மூன்று குரல்தான். பெண்களை மூன்றாகப் பிரித்தேன். ஒவ்வொரு குரலையும் தனித்தனியாக கேசட்டில் போட்டுக் கொடுத்தேன். டூட்டி பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு போய்ப் பாடம் பண்ணினார்கள். ஓர் அக்கா ஊசி போடும்போது ஆமையின் பாட்டை முனகி, அரபிக் கிழவர் ஒருவர் நாளைக்கும் நீயே வந்து போடு என்றாராம். வெள்ளிக்கிழமைகளில் பூசை முடிந்ததும் டாக்சி பிடித்து ஸ்டூடியோவுக்கு வந்துவிடுவார்கள். மைக் அறையில் கிராம்பும் டெட்டாலும் வேர்வையும் சேர்ந்து மணக்கும். அவர்கள் பாட, நான் பதிவேன். முதல் பகுதி முடிந்து படத்தோடு சேர்த்துப் போட்டபோது காக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. இசையில் கை வைப்பதென்றால் இசையமைப்பாளர் சம்மதிக்க வேண்டும். காக்கா எழுதிக் கேட்டார். ஒரு கண்காட்சிக்காக அவரே துபாய் வருகிறார், நேரில் கேட்டுவிட்டுச் சொல்வார் என்று பதில் வந்தது. கூடவே தொடரை எடுத்த ஜப்பான் கம்பெனியிலிருந்து போன் பண்ணின பெண், நல்லதுக்குத்தான், ஒரு விஷயத்தைச் சொல்லி வைத்தாள். ஒரு படத்தில் கதவு சாத்தும் சத்தம் தன் இசைமேல் விழுந்துவிட்டது என்று அந்தப் படத்தையே வேண்டாம் என்று சொன்னவராம் அவர். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கதவுச் சத்தத்துக்கே இப்படி என்றால், வயலினையெல்லாம் தூக்கிவிட்டு நர்சுகளை வைத்ததற்கு என்ன செய்வார்?

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தார். ஒல்லியான, நரைத்த மனிதர். வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததும் காக்காவுக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. போனில் பேசின பெண்தான் கூட வந்திருந்தாள், அவர் பேசுவதை ஆங்கிலத்தில் சொல்ல. எங்கள் பெண்கள் கோயில் சேலையோடு சுவரை ஒட்டி நின்றார்கள். நான் ஓட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். பின்னால் போகச் சொன்னார். மறுபடி ஓட்டினேன், அதே இடத்தில் மறுபடி கை. ‘இந்த இடத்தில் நான் எதுவுமே எழுதவில்லை, தாளத்தில் இரண்டு தட்டு சும்மா விட்டிருக்கிறேன், இங்கே யாரோ பாடுகிறார்கள், இதை எழுதியது யார்?’ என்று அந்தப் பெண் வழியாகக் கேட்டார்.

அவர் சொன்னது உண்மை. பாட்டின் இரண்டு அடிகளுக்கு நடுவே ஆர்மோனியம் வாசிக்கும் துண்டை நாங்கள் பிட் என்போம். புனித வாரத்தில் ஆர்மோனியம் மூடிக் கிடக்கும்போது அந்த பிட்டைப் பெண்கள் வாயாலேயே ம்ம்ம் என்று நிரப்பிவிடுவார்கள். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, தானாக வந்துவிடும். இந்த மகராசிகள் ஜப்பான்காரருடைய மௌனத்தையெல்லாம் ஆர்மோனியம் மூடின இடம் என்று நினைத்து நிரப்பி வைத்திருக்கிறார்கள். இத்தனை தடவை கேட்ட எனக்கு ஏன் தெரியவில்லை? எனக்கும் அதே ஊர்க் காதுதானே! அந்த இடம் நிரம்பியிருப்பதுதான் எனக்குச் சரியாகப் பட்டது.

காக்காவின் உதடுகள் சத்தமில்லாமல் எதையோ ஓதிக்கொண்டிருந்தன. நான் ஒரு பொய்யைத் தேடிக்கொண்டிருந்தேன். செல்வமேரி அக்கா ஓர் அடி முன்னால் வந்தார்.

‘எடம் சும்மா கெடந்தா நாங்க நெரப்பிருவோம், அது எங்க ஊரு வழக்கம்னு சொல்லு பிள்ளே. புடிக்கலன்னா எடுத்திரலாம். அதுக்காண்டி காக்காவுக்க தொழில மொடக்காண்டாம்னும் சொல்லு.’

நான் ஆங்கிலத்தில் சொன்னேன், அந்தப் பெண் ஜப்பானிய மொழியில் சொன்னாள். அவர் சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கும் அளவுக்குச் சிரிப்பு. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. சிரிப்பு அடங்கி அவர் சொன்னதை அந்தப் பெண் எனக்குச் சொல்ல, நான் அக்காவுக்குச் சொன்னேன்.

‘எக்கா, அவருக்க பழைய மெஷின்ல, கேமுல குண்டு வெடிச்சா அந்தச் சத்தத்துக்கு எடம் குடுக்க, பாட்டுல உள்ள மூணுல ஒண்ணு செத்துப்போவுமாம். அதுக்குப் பயந்து நடுவுல எடம் விட்டு விட்டு எழுதிப் பழகிட்டாராம். வயலின் எல்லாம் வந்த பெறவும் அந்தப் பழக்கம் போவலியாம். இனிம குண்டு ஒண்ணும் வெடிக்காதுன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுதாம்.’

‘பாவம், யாராவது நேரத்தோட சொல்லியிருக்கலாம்’ என்றார் அக்கா.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குத் தலை நிமிர்கிறது. மனிதர் எழுந்து சாக்ஸ் காலோடு மைக் அறைக்குள் போனார். பெண்களை உள்ளே கூப்பிட்டு, ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு தாளம் காட்டினார். அவர் விட்ட ஒவ்வோர் இடத்திலும் பென்சில் நிற்கும், எங்கள் பெண்கள் நிரப்புவார்கள், அவர் தலையை ஆட்டுவார். அவரும் வேர்க்க வேர்க்க நின்றார். யாரோ கொடுத்த கிராம்பை வாயில் போட்டுக்கொண்டு முகத்தைச் சுளித்தார். கிளம்பும்போது சம்மதம் என்றார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். இசை என்று அவர் பெயர் வரும் இடத்தில், அதே அளவு எழுத்தில், பாடிய எல்லாருடைய பெயரும் வர வேண்டும். இங்கே எழுதியது நான் மட்டும் இல்லையே என்றாராம். காக்கா அவர் கையைப் பிடித்தவர் லிஃப்ட் வரை விடவில்லை.

முதல் பகுதி ஒளிபரப்பான அன்று நர்சுகள் தங்கியிருந்த கட்டடத்தின் ஹாலில் நானும் போய் உட்கார்ந்திருந்தேன். முடிவில் எழுத்துகள் மேலே ஏறின. ஜப்பான்காரர் பெயர், அடுத்து செல்வமேரி, அடுத்தடுத்து எல்லாரும், அரபியில். ஆஸ்பத்திரி ஃபைலில் நோயாளிகள் பெயரைப் படித்துப் பழகிய கண்கள் தங்கள் பெயரைத் தேடின. தன் பெயர் வந்தபோது ஒவ்வொருத்தியும் எழுந்து நின்றாள், கடைசியில் உட்கார்ந்திருக்க யாருமே இல்லை. மறுநாள் வார்டில் ஒரு குழந்தை ஆமைப் பாட்டு பாடு என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டதாம். தொடர் முடிகிறவரை அந்தப் பெயர்கள் வாராவாரம் வளைகுடா முழுக்க ஏறின. ஸ்டூடியோ தப்பித்தது, என் விசா தப்பித்தது, காக்கா புது மைக் வாங்கினார்.

இப்போது அதெல்லாம் எங்கே? அந்தச் சேனல் நின்றுவிட்டது. டேப்புகள் எந்தக் குடோனில் போயினவோ, காக்காவுக்கே தெரியவில்லை. சத்வாவில் எங்கள் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை லீவுகூட அங்கே சனி, ஞாயிறு என்று மாறிவிட்டது. எங்கள் பெண்களில் பாதிப்பேர் அயர்லாந்து, ஆஸ்திரேலியா என்று போய்விட்டார்கள். செல்வமேரி அக்கா போன வருடம் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் குரல்களை நான் இனி எங்கே போய்க் கேட்பது?

ஆனால் காணாமல் போனதில் இன்னொன்றும் உண்டு, அதற்காக நான் அழ மாட்டேன். அந்த ஜப்பான்காரருக்கு இப்போது நல்ல வயது. இன்னும் எழுதுகிறார். வந்ததையெல்லாம் தேடிப் பிடித்துக் கேட்டிருக்கிறேன். சத்வாவுக்கு வந்து போன பிறகு எழுதிய எதிலும் அவருடைய அந்த இரண்டு தட்டு மௌனம் இல்லை. போன மாதம் அவருடைய பெரிய கச்சேரி ஒன்றின் வீடியோவைப் பார்த்தேன். முன்பானால் அவர் மௌனம் விட்டிருக்கும் அந்த இடம் வந்ததும் மேடை கொள்ளாத வயலின்கள் எல்லாம் நின்றன. பின்வரிசையில் ஜப்பான் பெண்கள் எழுந்து, வாயை மூடிக்கொண்டு, எங்கள் பெரிய வியாழன் பிட்டைப் பாடினார்கள்.